தகடு மாறிய சாமிகள்

சாப்பாட்டுக் கடைக்குள் அன்று நின்றவர்கள்: கடையைப் புதிதாக வாங்கிய இத்தாலியன். பழைய கிரேக்க முதலாளி விட்டுப்போன, சமையல் செய்யும் கிரேக்கக் குசினிக்காரன். சலாட் வெட்டும் அக்கா. பாத்திரம் கழுவும் நான். சுவரோரம் நாலு பிளாஸ்டர் சாமிகள்.

வெளிநாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், தொண்ணூறுகளின் நடுவில்.

இத்தாலியன் சாமிகளின் கிரேக்கப் பெயர்த் தகடுகளைக் கழற்றித் தன் ஊர்ப் பெயர்களைப் பூட்டினான். சூஸ் ஜுப்பிட்டர் ஆனார். பொசைடன் நெப்டியூன். அப்ரோடைட்டி வீனஸ். அப்பொலோவுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர். அவர் தப்பினார்.

குசினிக்காரன் இங்கிலிசில் ஏசினான்.

"உங்களிட்டைச் சொந்தக் கதை இல்லை. எங்கடையைக் களவெடுத்தனியள்."

"கதைதான் உங்கடை. சாமி முதலே எங்களிட்டை இருந்தது" என்றான் இத்தாலியன். "உங்கடை சண்டைச் சாமியைப் பெத்த தகப்பனுக்கே பிடிக்காது. எங்கடை மார்ஸ் எங்கடை இனத்துக்கே தகப்பன். வயலையும் பாத்தவர்."

பிறகு காரிலிருந்து ஒரு தலையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். முன்னும் பின்னும் முகம். ஜேனஸ், கதவுச் சாமி.

"உது எங்களிட்டை இல்லை. ரெண்டு மூஞ்சி! உனக்குத்தான் பொருத்தம்" என்றான் குசினிக்காரன்.

கும்பிட ஒருவனும் இல்லாத சாமிகளுக்கு இவ்வளவு சண்டை.

அக்காவுக்கு வேலைதான் கவலை. கொழும்பில் நிற்கும் புருசனைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டிருந்தார். வேலை போனால் அதுவும் போகும்.

"சாமியளை எறியேல்லைத்தானே தம்பி. பேரைத்தான் மாத்தினவன். எங்களையும் வைச்சிருப்பான்."

"ஊரிலை அண்ணமார் கோயிலைப் பிள்ளையார் கோயில் ஆக்கினவங்கள். கல்லு அதே கல்லு. மடை வைச்சுப் படைச்ச பூசாரியை என்ன செய்தவங்கள்?" என்றேன்.

"வீட்டை போகச் சொன்னவங்கள்."

"ஓம்."

"உம்மடை வாயிலை நல்லதே வராது."

வெள்ளிக்கிழமை இத்தாலியன் தன் ஊர் ஆட்கள் இருவரோடு வந்தான். முதலில் குசினிக்காரனை அனுப்பினான். அவன் கதவுச் சாமியைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனான். பிறகு அக்காவை. அவர் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். புருசன் கொழும்பிலேயே நின்றார்.

என்னை அனுப்பவில்லை. எந்தச் சாமி ஆண்டாலும் பாத்திரம் அழுக்குப்படும். அதைக் கழுவ அவனுடைய ஊர் ஆட்கள் வரமாட்டார்கள்.

வாசலில் நிற்பதோடு சாமிகள் ஐந்து. பழைய ஆள் ஒன்று.