விடுதி விளக்குக்காரி

“எம்மா, ஒங்க விளக்கு வெளிச்சத்துக்கு எரியுதா, எங்க மூஞ்சியில கரி பூச எரியுதா? வெள்ள வேட்டியோட படிக்க உக்காந்தா, எந்திரிக்கையில கொல்லம்பட்டறையில இருந்து வாற மாதிரில்லா இருக்கு!”

கேட்டவன் சங்கரலிங்கம். சேரன்மகாதேவிக்காரன், இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். வாய் மட்டும் எம்.ஏ. “திரியை உன் இஷ்டத்துக்குத் தூக்கிவிட்டால் கரி பிடிக்காமல் கற்பூரமா மணக்கும்?” என்று நானும் விடாமல் கேட்டேன். விளக்கு வேலையின் லட்சணமே இதுதான். நன்றாக எரிகிற விளக்கை ஒருவரும் பார்க்கமாட்டார்கள், புகைகிற விளக்குக்கு மட்டும் நாற்பது வாய் முளைக்கும்.

என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் கல்லூரியில் சரித்திர ஆசிரியர், அதோடு விடுதிக்கு சூப்பிரண்டு. சூப்பிரண்டுக்குக் காம்பவுண்டுக்குள்ளே வீடு உண்டு. சூப்பிரண்டின் சம்சாரத்துக்குச் சம்பளமில்லாமல் இருபத்தெட்டு விளக்குகள் உண்டு. தினமும் மூன்று மணிக்கு அத்தனையும் என் கொல்லைப்புறத்துக்கு வந்து சேரும். சலித்த சாம்பலால் கண்ணாடி துடைத்து, திரியை நேராக வெட்டி, சீமையெண்ணெய் ஊற்றி, அந்திக்குள் திருப்பி அனுப்பவேண்டும். கூடமாட ஒத்தாசைக்குப் பாக்கியம் என்ற விதவை. பதினோரு வருஷம் இந்த உத்தியோகம். இப்போது அந்த வேலையிலும் இல்லை, அந்த வீட்டிலும் இல்லை. ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதலாம். விளக்குக் கண்ணாடிக்குள் கைவிட்டு மணிக்கட்டைக் கிழித்துக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

டவுண் அண்ணாச்சி

யுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் பரீட்சைத் தாள்களைத் தள்ளிவைத்துவிட்டு, “எண்ணெயில தண்ணி கலந்துட்டான் போலுக்கு. எழுத்தே தெரியல” என்றார். நான் துடைத்த கண்ணாடி, நான் வெட்டிய திரி! எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் தகரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலம் தாண்டி டவுணில் எண்ணெய்க் கடைக்கே போய்விட்டேன்.

“அண்ணாச்சி, இது எண்ணெயா, தாமிரவருணித் தண்ணியா?” என்றேன், கடையில் நாலு பேர் நிற்கும்போதே. “ஆத்துத் தண்ணிய இந்த விலைக்கு விக்க முடிஞ்சா நான் ஏம்மா இங்கன உக்காந்து ஈ ஓட்டுதேன், மெத்தவீடுல்லா கெட்டியிருப்பேன்” என்றார் அவர். பேச்சோடு நிற்கவில்லை. என் தகரத்திலிருந்தே எண்ணெய் எடுத்துத் தன் விளக்கில் ஊற்றி, கடைக்கு உள்ளே இருட்டு மூலையில் ஏற்றிக் காட்டினார். பொல்லாத வெளிச்சம். மூட்டையில் எழுதியிருந்த பெயர்களை எல்லாம் வாசலில் நின்றே வாசித்தேன். நான் தகரத்தைத் தூக்கும்போது அண்ணாச்சி சொன்னார்: “எண்ண என் கடையில நல்லாத்தான் எரியுது. ஒங்க வீட்டு மேசைக்குப் போன ஒடனே மங்குதுன்னா, அதுக்கு நான் என்னம்மா செய்ய?”

சுறா எண்ணெய்

பிறகு எண்ணெய் கிடைப்பதே பாடாகிவிட்டது. வாரத்துக்கு வந்த தகரம் மாதத்துக்கு வந்தது. நாலு பேருக்கு ஒரு விளக்கு என்பது எட்டுப் பேருக்கு ஒன்று என்றாயிற்று. இலுப்பெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், சீமை விளக்கின் திரி அதைக் குடிக்கமாட்டேன் என்றது. அப்போதுதான் உவரியிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஒருத்தி, “சுறா எண்ண ஊத்துங்க, எங்க ஊர்க் கோயில்லகூட அதான் எரியுது” என்றாள். கோயிலில் எரிவது கல்லூரியில் எரியாதா என்று ஒரு சாடி வாங்கிவிட்டேன். படிப்பறையில் வரிசையாகப் பெரிய அகல்களை வைத்து ஏற்றினேன்.

எரிந்தது. வாசனையும் எரிந்தது. காம்பவுண்டில் இத்தனை பூனைகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படிப்பறை வாசலில் அவை பிரசங்கம் கேட்க வந்த சபை மாதிரி உட்கார்ந்திருந்தன. சைவப் பிள்ளைகள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். “கண்ணால்தானே படிக்கிறீர்கள், மூக்காலா?” என்று அதட்டினேன். சங்கரலிங்கம் துண்டை அவிழ்க்காமலே பதில் சொன்னான்: “இந்த வெளிச்சத்துல படிச்சா பாஸாயிருவோம்மா. பாஸாயிட்டு வீட்டுக்குப் போனா எங்க ஆச்சி நடையேத்தமாட்டா!”

பேர் கூப்பிடுதல்

தினம் அந்தி ஜெபம் முடிந்ததும் அவர் சாப்பாட்டு அறையில் நின்று பேர் கூப்பிடுவார். முதலில் எல்லாம் பதிவேட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். அந்த வருஷத்திலிருந்து பதிவேட்டைக் கையில் எடுப்பதையே விட்டுவிட்டார். நாற்பது பேரும் வரிசை மாறாமல் மனப்பாடம். குரலை வைத்தே யார், எங்கே நிற்கிறான், சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவார். எண்ணெய்ப் பஞ்சத்துக்கு ஏற்ற மனிதர் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். பிற மனைவிமாருக்கு இப்படி வாய்க்கவில்லையே என்று சற்றுப் பரிதாபமும்பட்டேன்.

ஒரு நாள் கோமதிநாயகம் என்பவன் நாடகம் பார்க்க டவுணுக்குக் கம்பி நீட்டிவிட்டான். அவன் பேரைக் கூப்பிட்டதும் சங்கரலிங்கம் மூக்கை அடைத்துக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி, “ஆஜர் ஐயா” என்றான். எனக்கே அது கோமதிநாயகம்தான் என்று தோன்றியது. இவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார். நாற்பதும் முடிந்த பிறகு பைய நிமிர்ந்து, சங்கரலிங்கம் நின்ற திசைக்கே முகத்தைத் திருப்பிக் கேட்டார்: “ஏலே, கோமதிநாயகத்துக்குச் சளி பிடிச்சா ஒனக்கு ஏம்லே மூக்கடைக்கி?”

எண்ணெய் வராத வாரம்

ஐப்பசி மழை. ஆற்றில் வெள்ளம் என்று வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. இப்படி ஒன்று வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே இருந்த எண்ணெயை மாடிப்படிக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று என்று நாலே லாந்தருக்கு ஒதுக்கி, மெழுகுவர்த்திகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வெளிச்சம் இருக்கும்போதே சோறு போட்டு ஐந்து நாள் ஓட்டினேன். ஆறாம் நாள் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. ஏழு மணிகூட ஆகவில்லை. மாடியில் நாற்பது பேர். “பாம்பு! பாம்பு!” என்று எவனோ கத்தினான். அது நனைந்து கிடந்த கொடிக்கயிறு என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது. படியோ ஒரு ஆள் இறங்கும் அகலம். மேலே நெரிசல் சத்தமும் ஒருவன் அலறுவதும் என் வீட்டு வாசல்வரை கேட்டது.

நான் பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். “வெளிச்சம் வரட்டும், நில்லுங்க!” என்று கத்தினேன். அவர் நிற்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு மழையில் நேரே நடந்தார். மாடியில் அவர் குரல் கேட்டது. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, முன்னால் இருப்பவன் தோளைப் பிடிக்கச் சொல்லி, இரயில் வண்டி மாதிரி நாற்பது பேரையும் இறக்கினார். ஒருவனுக்குக் கால் சுளுக்கு, அவ்வளவுதான். நான் மெழுகுவர்த்தியோடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சங்கரலிங்கத்துக்கு அப்போதும் பல் அடித்துக்கொண்டிருந்தது. “நாங்க செவரத் தடவிட்டு நிக்கோம்மா. ஐயா பட்டப்பகல்ல வாற மாதிரி விறுவிறுன்னு வாறாவ. ஐயாவுக்கு இருட்டுங்கது ஒண்ணுமே இல்லம்மா!”

பாக்கியம் செய்த தப்பு

சனிக்கிழமை எண்ணெய் வந்தது. அடக்கிவைத்த ஆத்திரம் தீர இருபத்தெட்டையும் ஏற்றினேன். சாப்பாட்டு அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவர் வழக்கம்போல் பேர் கூப்பிட உள்ளே வந்தார். நாலடி வைத்தார். எதிரே கிடந்த பெஞ்சில் முழங்கால் இடித்து, அதன்மேலேயே குப்புற விழுந்தார். அத்தனை விளக்கு வெளிச்சத்தில், ஆறடி நீளப் பெஞ்சு. பையன்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் திடுக்கிடவும் இல்லை. ஓடிவந்து தூக்கினார்கள். கோமதிநாயகம் பெஞ்சைச் சுவரோரம் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டான். எல்லாரும் பாக்கியத்தை முறைத்தார்கள். தரையைக் கழுவப் பெஞ்சை நகர்த்தியவள் அவள்தான்.

கொல்லைப்புறத்தில் அவளைப் பிடித்து உலுக்கினேன். “ஐயாவுக்கு அந்தி சாஞ்சா கண்ணு தெரியாதும்மா. ரெண்டு வருசமாவே. பெஞ்சு ஒண்ணையும் நகத்தப்படாதுன்னு பிள்ளைய தங்களுக்குள்ள சட்டம் வச்சிருக்காவ. நான் பாவி மறந்துட்டேன்” என்று அழுதாள். என் வீட்டில் அவர் எதிலும் இடித்துக்கொண்டதில்லை. எப்படி இடிப்பார்? கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த எனக்கு ஏறிய ஒரே புத்தி, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது. என் வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கூடுகூட ஓர் அங்குலம் நகராது. “ரெண்டு வருஷமா! எனக்கு ஏண்டி ஒருத்தரும் சொல்லல?” என்று கேட்டேன். பாக்கியம் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “எல்லாருக்கும் தெரியும்மா. ஒங்ககிட்டச் சொல்லத்தான் பயம்.”

துரையின் மரியாதை

அன்று இரவே அவரிடம் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டரிடம் அவர் ஏற்கெனவே போயிருக்கிறார். மாலைக்கண், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், அறுத்துச் சரிசெய்கிற கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பகலில் பாடம் நடத்த இன்னும் சில வருஷம் கண் கொடுக்கும். ஆனால் சூப்பிரண்டு வேலை அந்திக்குப் பிறகு பார்க்கிற வேலை. தெரிந்தால் வேலையும் போகும், அதோடு வீடும் போகும். “ஒரு உயிரிட்டயும் சொல்லமாட்டேன்னு வேதத்துமேல கைவச்சுச் சொல்லு” என்றார். வைத்தேன். முருங்கைக்கீரையும் ஈரலுமாக ஆக்கிப் போட்டேன். எண்ணெயை வைத்து டவுணில் சண்டை போட்டதை நினைத்து, அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மழைநாள் சங்கதி பிரின்சிபால் துரை காதுக்குப் போயிற்று. ஜெப வேளையில் எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தார். புகழ்ச்சியோடு விட்டிருக்கலாம். சாலைக்கு அந்தப் பக்கம் கட்டி முடித்திருந்த புது விடுதிக்கு, அறுபது பேருக்கு, இவரையே சூப்பிரண்டாகப் போட்டுவிட்டார். நான் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தை எல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு அவர் பங்களாவுக்குப் போனேன். எங்களைப் பழைய விடுதியிலேயே விட்டுவிடும்படி கேட்டேன். ஏன் என்று கேட்டார். அடுப்படி வசதி, கிணற்றுத் தண்ணீர் ருசி என்று என்னென்னவோ உளறினேன். நிஜக் காரணத்தைச் சொல்ல, வேதத்தின்மேல் வைத்த கை விடவில்லை. துரை எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அம்மா, இருட்டில் நாற்பது பேரை நடத்திவந்த மனிதரை, சின்ன வீட்டில் ஒளித்துவைக்க நீர் ஆசைப்படலாகாது.”

புதுக் கட்டடம்

அங்கே நாங்கள் இருந்தது பத்தொன்பது நாள். எல்லாம் கருங்கல் படி. பகலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் குடையை ஊன்றிக்கொண்டு எண்ணினார். பதினாலு, ஒரு திருப்பம், ஒன்பது. நான் பின்னாலேயே போய் அவர் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை, இது எனக்குப் புதுப் பழக்கம். படி அவரை ஏமாற்றவில்லை. பத்தொன்பதாம் நாள் அந்தியில், மாடித் திருப்பத்தில் காற்றுக்காக யாரோ இழுத்துப் போட்டிருந்த பெஞ்சு ஏமாற்றியது. இடுப்பு எலும்பு முறிந்தது. டாக்டர் வந்தார், துரை வந்தார், கண் சங்கதியும் வெளியே வந்தது. ஊன்றுகோலோடுகூட நிற்க முடியாதவருக்கு வகுப்பும் இல்லை என்றாயிற்று. எண்ணெய் குறைந்தால் நாற்பது பேரும் கத்துவார்கள், கண் குறைந்தால் கட்டின பெண்டாட்டிக்குக்கூட ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் பதினோரு வருஷ விளக்கு உத்தியோகத்தில் நான் கண்டது.

குடிபோன முதல் நாள் சாயங்காலத்தைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அறுபது பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முகமும் பழகின முகம் இல்லை. நான் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள், சத்தியத்தால் காரணமும் சொல்ல முடியாதவள். அவர் வருவதற்குள் வாசலில் போய் நின்றேன். “தம்பிமாரே, ஒரு உபகாரம் செய்யுங்க. எந்தப் பெஞ்சு எங்கன கெடக்கோ அங்கனயே கெடக்கட்டும். நகத்தாதீங்க” என்றேன். சோற்றுக் கரண்டி ஓடிக்கொண்டிருந்தது. ரசம் கேட்டான் ஒருவன். மூலையில் இரண்டு பேர் எதற்கோ சிரித்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன்: “கேட்டுச்சா தம்பி? யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லுங்க.”