தோர்த்தில் சுற்றிய கேசட்

கரமனைப் பாலம் தாண்டினால் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, முன்பு தையல்கடை இருந்த முறியில், இப்போது ஷீபா என்று ஒரு பெண்பிள்ளை கடை போட்டிருக்கிறாள். மலையாளத்தில் பெரிய போர்டு. நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவன். மலையாள எழுத்தை பஸ் போர்டு பார்த்துப் பழகினவன். அதனால் அந்தப் போர்டை முழுக்க வாசித்து முடிக்க நாலு நாள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருந்தது. பழைய வீடியோ கேசட்டைக் கொண்டு கொடுத்தால் ஓர்மைகளை, அதாவது நம் ஞாபகங்களை, புதுசாக்கித் தருவார்களாம். அரிசியைக் கொண்டு போனால் மாவாக்கித் தருகிற மில் மாதிரி. வாசித்து முடித்த அன்று வந்த சிரிப்பில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

உள்ளே போகிற எண்ணமே எனக்கு இல்லை. போக வைத்தது ஒரு நாற்றம். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, கொஞ்சம் காளான், கொஞ்சம் புளித்த வினாகிரி, அடியில் கொஞ்சம் சூடான பிளாஸ்டிக். பூஞ்சை பிடித்த டேப்பின் நாற்றம் அது. முப்பது வருஷமாக அதை நான் மோந்ததில்லை. ஆனாலும் என் கால் என்னைக் கேட்காமல் படியேறிவிட்டது.

ஷீபாவுக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். கையில் உறை மாட்டிக்கொண்டு, ஏதோ ஆபரேஷன் செய்வது போல, பஞ்சால் கேசட்டின் வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதை அப்படித் தொடச்சா பூஞ்சை உள்ளல்லா போகும்" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "அங்கிளுக்கு இந்தப் பணி அறியுமோ?" என்றாள். அவள் அம்மா நாகர்கோவில்காரி. அதனால் தமிழ் பேசுவாள், ஆனால் அது மலையாளச் சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வரும்.

பணி அறியுமோவாம். ஆரியசாலையில் ஒரு கேசட் கடையில் பதினாலு வருஷம் ரெக்கார்டிங் பார்த்தவன் நான். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். டேப்பை எப்படிப் பிரித்து, எந்தப் பக்கமாகச் சுற்றித் துடைப்பது என்று காட்டிக் கொடுப்பேன். பதிலுக்கு ஒரு சாயா. அதோடு, வருகிற ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிற வசதி.

நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். ஒருத்தர் ஆறு கேசட்டைப் பட்டுத்துணியில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே என்ன? டிவியில் ஓடிய ஏதோ நாடகம். அது ஓடின காலத்தில் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டவர்தான் அவர், முகத்தைப் பார்த்தாலே தெரியும். இப்போது கண்ணைத் துடைக்கிறார். ஷீபா அதையெல்லாம் ஒரு விரல் அளவுள்ள பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். இனி ஆயுசில் ஒரு தடவை பார்ப்பாரா? கேசட் கிடந்த அதே அலமாரியில் இது கிடக்கும். முன்பு பெரிசாகக் கிடந்த குப்பை இனிச் சின்னதாகக் கிடக்கும். இதற்குப் பேர் பாதுகாப்பு.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு நிகழ்ச்சியே வேண்டாம், நடுவில் வந்த விளம்பரம் வேண்டும். தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு அட்டை காட்டுவார்களே, அது வேண்டும். ஊறுகாய் வேண்டாம், ஊறுகாய்ப் பரணி துடைத்த துணியைக் கொடு என்று கேட்கிற ஜாதி. ஷீபா என்னிடம், "அங்கிள் ரெக்கார்ட் செய்ததில் பரஸ்யம் ஒன்னும் இல்லையோ?" என்று கேட்டாள். என் கேசட்டில் விளம்பரமா? அதற்குத்தானே எனக்குப் பேர்.

அந்தக் காலத்தில் மணக்காட்டிலும் பேட்டையிலும் கல்ஃபுக்காரர்கள் வீட்டில்தான் வீடியோ மெஷின் இருக்கும். ஆண்கள் அங்கே கிடப்பார்கள், மெஷின் இங்கே கிடக்கும். டிவியில் வருகிற படம், பாட்டு எல்லாவற்றையும் பிடித்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுப் பெண்களுக்கு மெஷினைத் தொடப் பயம். அதனால் கடையிலிருந்து நான் போவேன். நீளமாக வயர் வைத்த ரிமோட் ஒன்று. அதை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை, பதிவை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். விளம்பரம் வரப்போகிறது என்பது எனக்கு அரை நொடி முன்னாலேயே தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். பாட்டு முடிகிற விதம், ஆள் திரும்புகிற விதம். விரல் அழுத்தும். விளம்பரம் போய் நிகழ்ச்சி வந்ததும் விடும். கேசட்டைப் போட்டுப் பார்த்தால் வெட்டின தடமே இருக்காது. துபாயில் என் கேசட் என்றால் தனி மதிப்பு என்று முதலாளி சொல்வார். இலங்கை டிவி பிடிக்க அலுமினியச் சட்டியை ஏரியலில் கட்டின கதையும் ஒன்று உண்டு, அதைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.

என் வாயில் அப்போது விழுந்து கிடந்த ஆள் கரமனை அக்ரகாரத்துக் கிட்டுச்சாமி. அவர் மகன் பஹ்ரைனில் இருந்தான். அவரிடமும் மெஷின் இருந்தது. சாயங்காலம் கேசட்டைப் போட்டு பட்டனை அழுத்திவிட்டு, ஆற்றுக்குக் குளிக்கப் போய்விடுவார். குளித்து, அம்பலத்துக்குப் போய்க் கும்பிட்டு, சாப்பிட்டு வந்து நிறுத்துவார். சோப்பு, பல்பொடி, நியூஸ், வயலுக்கு உரம் போடுவது, அட்டை, ஒன்றும் ஓடாதபோது திரையில் பறக்கிற வெறும் புள்ளி, எல்லாம் அந்தக் கேசட்டில் இருக்கும். அதை அப்படியே மகனுக்கு அனுப்புவார். அவன் லீவுக்கு வரும்போது பெட்டியோடு திரும்பி வரும். புதுக் கேசட் வாங்க எங்கள் கடைக்கு அவர் வந்தால், நாலு பேர் முன்னால் நான் சொல்வேன், "சாமி தேங்காயை நாரோட முழுங்குற ஆளு." கடையே சிரிக்கும். அவர் கேசட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இனிச் சொல்வதை ஷீபாவிடம்கூட நான் ரொம்ப நாள் சொல்லவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், முத்தையா. ஆரியசாலையில் பலசரக்கு மண்டியில் மூட்டை சுமடு எடுக்கிற வேலை. பத்தொன்பது வயசு. ஓணம் கழிந்து ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவன் வரவில்லை. மண்டிக்கும் போகவில்லை. விழிஞ்ஞத்தில் போட் ஏறிவிட்டான் என்றார்கள், மலைக்குப் போய்ச் சாமியாராகிவிட்டான் என்றார்கள். வாய் இருக்கிறவன் எல்லாம் ஒரு ஊருக்கு அவனை அனுப்பினான். போலீஸில் போட்டோ கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போனபோது நானும் அவனும் சேர்ந்து நின்று எடுத்தது. அம்மா கத்தரிக்கோலால் என்னை வெட்டித் தள்ளிவிட்டு, அவன் பாதியைக் கொடுத்தாள். என் பாதி இன்றும் வீட்டில் இருக்கிறது, ஒரு கை இல்லாமல். அவன் பாதி திரும்பி வரவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. ஆளே வந்துவிடுவான், போட்டோ எதற்கு என்று இருந்தோம்.

அப்போதெல்லாம் டிவியில் நியூஸ் முடிந்ததும் காணாமல் போனவர்களின் படம் காட்டுவார்கள். முத்தையாவின் படமும் கன்னி மாசத்தில் ஒரு நாள் வரும் என்றார்கள், என்றைக்கு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அம்மா தினமும் பக்கத்து வீட்டு ஜன்னலில் போய் நிற்பாள். நான் மணக்காட்டில் ஒரு வீட்டில் படம் பிடிக்க உட்கார்ந்திருந்த அன்று அது வந்தது.

அந்த வீட்டுக்காரருக்கு நியூஸும் வேண்டும், அதனால் டேப் ஓடிக்கொண்டிருந்தது. நியூஸ் முடிந்தது. 'காணவில்லை' என்ற அட்டை வந்தது. விரல் அழுத்திவிட்டது. எத்தனையோ வருஷமாக அந்த அட்டையை வெட்டின விரல், அதற்கு யார் தம்பி என்று தெரியுமா? திரையில் முத்தையா வந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இருப்பதே எனக்கு ஓர்மை இல்லை. அவன் போய், படம் தொடங்கினபோது, விரல் தானாகவே விட்டது. என் ஆயுசில் நான் வெட்டினதிலேயே சுத்தமான வெட்டு அது.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலில் நிற்கிறாள். அன்று பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, அவள் பார்க்கவில்லை. அடுத்த தெருவில் பார்த்த யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். "நம்ம பய வந்தானாமே. புடிச்சியாலே மக்கா?" என்று கேட்டாள். புடிச்சேன்மா என்றேன். மறுநாள் கடையிலிருந்து ஒரு கேசட்டைக் கொண்டு கொடுத்தேன். தென்னை வண்டுக்கு மருந்து அடிப்பது எப்படி என்று ஒருத்தர் அரைமணி நேரம் பேசுகிற கேசட். கேசட் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் அப்புறம் அதன்மேல் எதையும் பதிய முடியாது. அம்மா பார்க்க அதையும் உடைத்தேன், இனி இது அழியாது என்றேன். அவள் அதை முத்தையா குளித்துத் துவட்டுகிற தோர்த்தில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமை அந்தத் தென்னை வண்டுக்கும் சேர்த்து விளக்கு கொளுத்தினாள். போட்டுப் பார்க்க மெஷின் இல்லாததால் நான் தப்பித்தேன். ஒன்பது வருஷம் கழித்து அவள் போனாள். கேசட் இருக்கிறது.

இந்த மழைக்காலத்தில் கிட்டுச்சாமியின் மகன் ஷீபா கடைக்கு மூன்று கேசட் கொண்டு வந்தான். கல்யாணம், பூணூல், கிரகப்பிரவேசம். அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம். வீட்டில் இன்னும் ஒரு பெட்டி டிவி கேசட் கிடக்கிறது, எல்லாம் வேஸ்ட், சனிக்கிழமை பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்க்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான் என்றான். நான் வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கினேன். பாதிச் சிரிப்பில் அது என் மண்டையில் இறங்கியது. கிட்டுச்சாமி வெட்டவே மாட்டாரே.

அன்றே அக்ரகாரத்துக்குப் போனேன். பாலத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. எனக்கு அரை மணி நேரம் ஆனது, முட்டிவலி மட்டும் காரணமில்லை. கிட்டுச்சாமி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார்.

"யாரு, வெட்டுக்காரரா? வாரும். கட்டவிரல் இன்னும் இருக்கோ?"

"இருக்கு சாமி. கன்னி மாசக் கேசட்டு வேணும்."

"அதுல முக்காலும் சோப்பும் பல்பொடியுமாக்கும். உமக்கு ஆகாதே, ஓய்."

"எந்தம்பி அதுல இருப்பான்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அது உம்மகிட்ட இருக்குன்னுதானே உங்கம்மா சொல்லிண்டு நடந்தா?" என்றார்.

"இல்ல சாமி. வெட்டிட்டேன்."

அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"எதை வெட்டணும், எதை வெக்கணும்னு நேக்கு அன்னிக்கே தெரியல ஓய். தெரிஞ்சிருந்தா நானும் வெட்டியிருப்பேன்" என்றார். பிறகு பெட்டியைக் காட்டினார்.

ஒவ்வொரு கேசட்டிலும் வருஷமும் மாசமும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தார். நாரோடு முழுங்குகிற மனுஷனுக்கு அந்த ஒழுங்கு உண்டு. நான் ஒன்றிலும் ஒட்டினதில்லை. முத்தையா போன வருஷத்துக் கன்னி மாசத்தில் ஏழு கேசட் இருந்தது. நானும் ஷீபாவும் மூன்று நாள் துடைத்தோம். வெள்ளைப் பூஞ்சை, கை படாமல் சுற்ற வேண்டும். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுத்த கேசட்டை எடுத்துத் துடைத்தாள்.

நாலாவது கேசட்டில் வந்தது. நியூஸ் முடிந்து அந்த அட்டை. முதலில் ஒரு கிழவி, நெய்யாற்றின்கரைக்காரி. அடுத்து முத்தையா. நிறம் கறுப்பு, உடுத்திருந்தது நீலக்கட்டம் போட்ட சட்டை, தமிழும் மலையாளமும் பேசுவான் என்று ஒரு பெண் வாசித்தாள். என் ஓர்மையில் இத்தனை வருஷமும் அவனுக்கு மீசை இருந்தது. திரையில் இல்லை, உதட்டுக்கு மேல் ஒரு நிழல்தான். அவன் தோளில் ஒரு கை கிடந்தது. யாருடைய கை என்று ஷீபா கேட்டாள். என் கை. நாலு விரல் தெரிந்தது, கட்டைவிரல் முதுகுப்பக்கம். பிறகு அவன் போய், பள்ளிக்கூட உடுப்பில் ஒரு சின்னப் பெண் வந்தாள். அப்புறம் சோப்பு விளம்பரம்.

"பிரதரோட பாகம் மாத்திரம் கட் செய்து தரட்டே அங்கிள்?" என்று ஷீபா கேட்டாள்.

"வெட்டாதே. கிழவியும் இருக்கட்டும், அந்தப் பிள்ளையும் இருக்கட்டும்."

எத்தனை கிழவியை, எத்தனை பிள்ளையை இந்த விரல் வெட்டியிருக்கும்? அதில் எத்தனை பேருக்கு வேறு போட்டோ இருந்ததோ. துபாயில் மதிப்பாம்.

ஷீபா பென்டிரைவை நீட்டினாள். அது வேண்டாம் என்றேன். மறுநாள் அம்மாவின் கேசட்டைக் கொண்டு போய் மேசையில் வைத்து, இதில் பதிந்து கொடு என்றேன். எல்லாரும் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றத்தான் வருகிறார்கள், திருப்பிக் கேட்ட முதல் ஆள் அங்கிள்தான் என்றாள். பல் உடைந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினேன், அப்படி ஒட்டினால் மெஷின் மறுபடி பதியும். தென்னை வண்டுக்காரர் வாயைத் திறக்கிற இடத்தில் முத்தையா ஏறினான், முன்னால் கிழவியோடு, பின்னால் அந்தப் பிள்ளையோடு. சோப்பும் ஏறியது. நான் ஷீபா மேசையிலிருந்து தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நியூஸுக்குப் பின்னால் முகம் காட்டுகிற வழக்கம் நின்று எத்தனையோ காலமாகிறது. கிட்டுச்சாமி பெங்களூர் போய்விட்டார். மிச்சக் கேசட்டை ஆக்கர்க்காரன் கொண்டு போனான். கேசட்டை வீட்டுக்குக் கொண்டு வந்து, அதே தோர்த்தில் சுற்றி, அதே இடத்தில் வைத்தேன். பக்கத்தில் இப்போது அம்மாவின் படமும் இருக்கிறது. அன்றும் அதைப் போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் மெஷின் இல்லை. இன்றும் இல்லை.