எதிரணி ஓரத்தில் நின்ற லைல் பொகோர்னி

கார்வர் ஃபெரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், லைல் பொகோர்னி தங்கமான மனுஷன், நேர்மைக்குப் பேர் போனவன் என்றுதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த நேர்மையோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவனுக்கு மாவட்டச் சாலைத் துறையில் வேலை. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவான், கோடையில் குழி அடைப்பான். ஆனால் ஊர் அவனை அறிந்தது சங்கிலிக்காரனாகத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஃபுட்பால் நடக்கும், பந்தைக் கையால் எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால். பந்து பத்து கஜம் நகர்ந்ததா இல்லையா என்று அளக்க ஒரு சங்கிலி, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பு. முன் கம்பு என்னுடையது, பின் கம்பு லைலுடையது. சம்பளமெல்லாம் கிடையாது, இடைவேளையில் ஆளுக்கொரு ஹாட் டாக். நாங்கள் நிற்பது எதிரணி ஓரத்தில், அவர்களுடைய கோச் பேசுவதெல்லாம் காதில் விழுகிற தூரத்தில். அதனால் எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கைதட்டக் கூடாது, திட்டக் கூடாது. அங்கே காதில் விழுந்ததை மைதானம் தாண்டி நம் பக்கம் கொண்டுவரவே கூடாது.

லைலின் மனைவி ஜனெட்டுக்கு ரிக் என்று ஒரு தம்பி. அவனும் எங்களோடு நின்றவன்தான். ஒரு மேட்சில் எதிரணி கோச்சின் கைச்சைகைக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்து, இடைவேளையில் எங்கள் கோச் ஹாஸ்கின்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டான். நாங்கள் ஜெயித்தோம். மறுநாள் காலையில் லைலே நடுவரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொல்லி, மச்சானை வெளியே அனுப்பினான். அன்றிலிருந்து ரிக் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஊரோ, "பாத்தியா, சொந்த மச்சானையே விடலையே" என்று மெச்சியது. உப்பு லாரி ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன பெருமை கிடைக்கும்? அதைப் பிடித்துக்கொண்டான்.

அப்புறம் அவன் மகன் நோலன் அணிக்குக் குவார்ட்டர்பேக் ஆனான். பந்தை வாங்கி எறிகிறவன் அவன்தான். ஜெயித்தால் பாதிப் புகழ் அவனுக்கு, தோற்றால் முழுப் பழியும் அவனுக்கு. பயிற்சியில் அவன் கை கயிறு கட்டி இழுத்தது போல எறியும். மேட்ச் வந்தால் எறிந்ததெல்லாம் எதிராளி கைக்குப் போகும். திங்கட்கிழமை காலையில் டைனரில் லைல் காபி குடிக்க உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

"உன் பையன் நல்லாத்தான் எறியறான் லைல். என்ன, சட்டைக் கலர்தான் அவனுக்குத் தெரிய மாட்டேங்குது."

"அந்தப் பக்கத்துக்காரன் கிறிஸ்மஸ் கார்டு அனுப்பினானா, இல்லையா?"

லைல் சிரித்துக்கொண்டே முட்டையைத் தின்பான்.

ஒரு விஷயம் எனக்கே பின்னால்தான் தெரிந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அந்த சீசனின் இரண்டாவது மேட்சில், லைலின் தோளுக்குப் பக்கத்தில் நின்ற எதிரணி கோச் தன் பையன்களிடம் கத்தினான்: "அவன் விரலைப் பாருங்கடா. எச்சில் தொட்டா எறியப்போறான், தொடலைன்னா பந்தை ஓடறவன் கையில குடுக்கப்போறான்." அது நிஜம்தான். நோலனுக்குத் தெரியாமலே அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. எங்கள் ஆட்கள் பந்து கிளம்பும்போதுதான் கேமராவை முடுக்குவார்கள், அதனால் படத்திலும் அது விழவில்லை. ஹாஸ்கின்ஸோ கையைப் பார்க்கிற ஆள் இல்லை, ஸ்கோர் பலகையைப் பார்க்கிற ஆள். ஆற்றோரத்து ஊர்களின் கோச்சுகள் எல்லோரும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். வாரம் தவறாமல் யாராவது ஒருவன் லைலின் காதுக்குப் பக்கத்தில் நின்று அதையே கத்தினான். லைல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சீசன் முடிந்ததும் தீயணைப்பு நிலைய ஹாலில் எங்கள் அணியின் ஆதரவாளர் சங்கம் கூடியது. தலைவர் மார்வ் டீட்டர், ஃபர்னிச்சர் கடை முதலாளி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டால்டன் என்று ஒரு பையன் இருக்கிறானாம், அவனும் குவார்ட்டர்பேக்தானாம். அவனுடைய அப்பாவுக்குத் தன் கிடங்கில் வேலை போட்டுக் கொடுத்து, குடும்பத்தை இந்த ஊருக்கே குடிவரச் செய்துவிடலாம் என்றார்.

"நோலனை யாரும் தூக்கலப்பா. பக்கத்துல ஒரு போட்டி இருந்தாத்தான் அவனும் தேறுவான். அவனோட நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். பிறகு லைல் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற லைல்? நீ நியாயஸ்தன். உன் வாயால சொல்லு."

ஹாலே அவனைப் பார்த்தது. பையன் கையில் குற்றமில்லை, இன்னது நடக்கிறது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அவன் எழுந்து, "நியாயம்தான். யாரு நல்லா ஆடறானோ அவன் ஆடட்டும்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஜனெட் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டால்டன் வந்தான். கோடை முழுக்க வீட்டுக் கொல்லையில் நோலன் எறிய, ஜனெட் பிடித்தாள். அவளுக்கு விரலெல்லாம் வீங்கி, கேரட் நறுக்கக்கூடக் கத்தி பிடிக்க முடியவில்லை. சொந்த அணிப் பயிற்சியில் டால்டனைவிட நோலன்தான் நன்றாக எறிந்தான். ஆனால் ஹாஸ்கின்ஸ், வெளியூர் அணியோடு ஒரு பயிற்சி மேட்ச் வைத்து அதில் முடிவு செய்வேன் என்றார். அந்த வெளியூர்க்காரர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நோலன் எறிந்த இடத்திலெல்லாம் ஒருவன் முன்கூட்டியே போய்க் காத்திருந்தான். அத்தோடு போட்டி முடிந்தது. நோலன் பெஞ்சுக்குப் போனான். பின் கம்பைப் பிடித்திருந்தவன் அவன் அப்பாதான்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மேட்சுக்குச் சேர்ந்து போகலாம் என்று பொழுதோடு லைல் வீட்டுக்குப் போனேன். மூவரும் சமையலறையில் இருந்தார்கள். நோலன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். முந்தின நாள் மளிகைக் கடையில் எதிரணிப் பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறான். அவன் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டான்.

"அப்பா, எறியறதுக்கு முன்னாடி நான் விரல்ல எச்சில் தொடறேனாம். உங்க சங்கிலிக்காரர் பக்கத்துலயே நின்னுதான் எங்க கோச் கத்துவாருன்னு அவன் சொல்றான். உங்களுக்குத் தெரியுமா?"

லைலுக்குப் பொய் சொல்ல வராது. "தெரியும்" என்றான்.

"எப்போலேர்ந்து?"

"போன வருஷம் ரெண்டாவது மேட்ச்லேர்ந்து."

ஜனெட் குழாயை மூடினாள்.

"அது அவங்க ஓரத்துல கேட்டதுடா" என்றான் லைல். "அங்க கேட்டதை இங்க கொண்டுவரக் கூடாது. ரிக்கையே நான்தானே வெளிய அனுப்பினேன். என் பையன்னா மட்டும் வேற நியாயமா?"

"நான் என்ன ஹாஸ்கின்ஸா? தினமும் உங்க எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டேன்."

"கோடை பூரா என் கையில எறிஞ்சான் லைல்" என்றாள் ஜனெட். "நீ ஜன்னல்ல நின்னு பாத்துட்டுதானே இருந்த. அதுக்கும் உன் ரூல்ல எடமில்லையா?"

லைல் எனக்குக் காபி ஊற்றினான். கோப்பை நிரம்பி மேஜையெல்லாம் வழிந்தது.

"ஊர்ல எல்லாரும் சொல்றது சரிதான்ப்பா. நீங்க ரொம்ப நேர்மையானவர்" என்றான் நோலன். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் போடவில்லை. அணியோடு சாப்பிடத்தான் போகிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அன்று டால்டன் சொதப்பினான். இரண்டாவது பகுதியிலேயே கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. டால்டனை வண்டி வைத்துக் கூட்டிவந்த அதே வாய்கள், "பொகோர்னியை எறக்கு, நோலனை எறக்கு" என்று கத்தின. மார்வ் டீட்டர் எழுந்து நின்று கத்தியதை நானே பார்த்தேன். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஆட்டம் நின்ற ஒரு சமயத்தில் லைல் கம்பைப் புல்லில் கிடத்தினான். மைதானத்தின் நடுவில் நடக்க ஆரம்பித்தான். நடுவர் விசில் ஊதினார். "லைல், கம்பைப் போட்டுட்டு அந்தப் பக்கம் போனா திரும்பி இங்க வராத" என்றார். அவன் நிற்கவில்லை. இழுத்துவரலாம் என்று பின்னால் ஓடினேன்.

லைல் எங்கள் பெஞ்சுக்குப் போய், ஹாஸ்கின்ஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "அவன் விரலு, கோச். எச்சில் தொடறான். அதை வெச்சுத்தான் எல்லாரும் கண்டுபிடிக்கறாங்க. கையில ஒண்ணும் குறையில்ல. அதை மட்டும் நிறுத்தச் சொல்லிட்டு இப்பவே எறக்குங்க. நான் சொல்றேன், எறக்குங்க."

ஹாஸ்கின்ஸ் அவன் கையை மெதுவாக விலக்கினார்.

"அஞ்சு மணிக்கே வந்து ஜெர்சியை மடிச்சு என் மேஜையில வெச்சுட்டுப் போயிட்டான் லைல். உன்கிட்ட சொல்லலையா?"

லைல் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு பையனாகப் பார்த்துக்கொண்டே போனான். மேலே கூட்டம் இன்னும் அவன் மகன் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தது.