காசியம்மாள் வீட்டு இரைச்சல்

ரேடியோவில் கோளாறே இல்லை. அதை முதல் நாளே சொன்னேன். காசியம்மாள் அக்கா கொடுத்தனுப்பிய பெட்டியைக் கம்பைநல்லூரில் என் கடை மேசையில் வைத்துத் திருப்பினால் மணிமணியாகப் பேசியது. அதையே அவர் வீட்டுக் கட்டில் ஓரத்தில் வைத்தால் மாவு மிஷினுக்குள் தலையை விட்ட மாதிரி 'ஙொர்ர்' என்று இரைச்சல். வேறு ரேடியோ கொண்டுபோய் வைத்தேன். அதிலும் அதேதான்.

"எனக்கு எல்லா நாளும் வேண்டாம் வீரமணி. செவ்வாக்கெழம ஆறரையில இருந்து ஏழு. அது மட்டும் கேட்டாப் போதும்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறவரிடம் எதையும் தோண்டிக் கேட்க எனக்கு வராது.

அக்கா தீர்த்தமலை அடிவாரத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் தீர்த்தகிரி அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். மூன்று ஏக்கர் காடு. அதில் பாதி கரும்பு. பக்கத்தில் இருந்த வெல்லம் காய்ச்சும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் அடுப்புத் தள்ளினார். கொப்பரையில் பாகு கொதிக்கும். கீழே உட்கார்ந்து காய்ந்த சக்கையை அள்ளி அள்ளி உள்ளே தள்ள வேண்டும். மழைக்காலத்தில் சக்கை காயாது. அப்போது பழைய டயரை வெட்டிப் போடுவார்கள். அந்தப் புகை முழுக்க அவர் நெஞ்சில்தான் தங்கியது. ஐம்பத்தெட்டு வயதில் நுரையீரல் கைவிட்டுவிட்டது. தர்மபுரி டாக்டர் வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைக்கச் சொன்னார். வாடகைக்கு வந்த மிஷின் கட்டில் காலடியில் பெட்டி மாதிரி நின்று இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் மிஷின் நிற்கக் கூடாதே என்று அதற்கு மட்டும் ஒரு இன்வெர்ட்டர். அதை மாட்டிக் கொடுத்தவனும் நான்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்துச் சாமான்கள் கரண்டை நேராக எடுத்துக்கொள்வதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி எடுக்கின்றன. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், டிவி பெட்டியின் அடாப்டர் எல்லாம் அப்படித்தான். மலிவுச் சரக்கில் அந்த வெட்டை அடக்குகிற பாகத்தை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்த வெட்டு இரைச்சலாகி, வயரையே ஏரியலாக்கிக்கொண்டு வெளியே கிளம்பும். எஃப்.எம். என்றால் அவ்வளவாகத் தெரியாது. அக்கா கேட்டது மீடியம் வேவ்; இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒரு சின்ன நிலையம். அது சன்னமாகத்தான் வரும். பக்கத்தில் ஒரு கெட்ட பல்பு எரிந்தாலே அமுங்கிப்போகும். போனில் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். அந்த நிலையம் அதில் இல்லை.

முதலில் அக்கா வீட்டைத்தான் சோதித்தேன். ரேடியோவில் பேட்டரி போட்டுப் பாடவிட்டு மெயினை இறக்கினேன். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. இரைச்சல் அப்படியே இருந்தது.

"உங்க வூட்ல இல்லக்கா. வெளிய இருந்து வருது" என்று அடித்துச் சொன்னேன்.

அதற்கப்புறம் சட்டைப்பை அளவு ரேடியோ ஒன்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அடுத்த வீடு மாரியப்பன் அண்ணனுடையது. அவர் காட்டுச் சோலார் வேலி என் ரேடியோவில் நொடிக்கு ஒரு தரம் 'டக்' என்றது. வாசல் பல்பு தனியாகக் கீச்சிட்டது.

"ஏன்டா வீரமணி, சாமியாடி மாதிரி கைய நீட்டிக்கிட்டு வர்ற. பொதையல் கிதையல் தேடறியா?" என்றார்.

"உங்கூட்டுப் பல்பு கத்துதுண்ணா."

"எங்கூட்டுக்காரி கத்தறதே என் காதுல வுழறதில்ல. பல்பு கத்தறதா வுழப்போவுது?"

சிரித்துக்கொண்டேதான் பல்பை மாற்ற விட்டார். வேலிக் கம்பியில் செடி உரசிய இடத்தை வெட்டிவிட்டேன். இரண்டு அடாப்டரைக் கழற்றி வேறு போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அக்கா வீட்டில் இரைச்சல் எள்ளளவும் குறையவில்லை. நான்காம் தடவை போனபோது மாரியப்பன் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி பாட்டுக் கேட்க ஊரே இருட்டில் உட்கார வேண்டுமா என்று உள்ளேயிருந்து கேட்டார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. அந்த ஆள் வீட்டில்தான் இருக்கிறது, விட மாட்டேன் என்கிறான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அரூரில் ஒரு கல்யாண மண்டபத்து வயரிங் வேலைக்குப் போய்விட்டேன். தெருவில் நடந்தபோது அக்கா வீட்டைவிட்டுத் தள்ளிப் போகப் போக இரைச்சல் குறைந்ததை நான் கவனிக்கத்தான் செய்தேன். ஆனால் அதை யோசிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. விட்டுவிட்டு வந்த டெஸ்டரை எடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனேன். மணி ஆறே முக்கால் இருக்கும். தீர்த்தகிரி அண்ணன் பால் சொசைட்டிக்குப் போகிற நேரம் அது. வாசலிலேயே ரேடியோ கேட்டது. சுத்தமாக, ஒரு கரகரப்பு இல்லாமல். மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பெண் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாரியப்பன் அண்ணனுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

உள்ளே வந்த பிறகுதான் எது குறைகிறது என்று உறைத்தது. மிஷின் உறுமவில்லை.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாய் மடியில் கிடந்தது. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நான் ஓடிப்போய்ச் சுவிட்சில் கை வைத்தேன். அவர் கையைத் தூக்கிப் பொறு என்று காட்டினார். அந்தக் கையை மீறிப் போட்டிருக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து, தொகுத்து வழங்கியவர் ஐஸ்வர்யா ஜோசப் ராஜ் என்று அந்தக் குரலே சொன்ன பிறகு அக்கா கையை இறக்கினார். சுவிட்சைப் போட்டுக் குழாயை மூக்கில் மாட்டினேன். உதட்டில் நிறம் திரும்பக் கால்மணி நேரம் ஆனது.

ஒருநாள் நெடுநேரம் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்திருக்கிறது. "மிஷின் நின்னுச்சு. ரேடியோ தொறந்துக்கிச்சு" என்றார். அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் மெயினை இறக்கிச் சோதித்த அன்று இன்வெர்ட்டர் மிஷினை எடுத்துக்கொண்டது. மிஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை, அது கிளப்பிய இரைச்சலும் நிற்கவில்லை. மாட்டினவன் நான். அது எதற்காக இருக்கிறது என்று ஊருக்கே விளக்கம் சொல்கிறவன் நான். அப்படியிருந்தும் இந்த வீட்டில் இல்லை என்று அடித்துச் சொன்னேன். என் பேச்சை நம்பி ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, அப்புறம் தானே கண்டுபிடித்து, ஐந்து செவ்வாய் தன் மூச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம்தான் அக்கா கதையைச் சொன்னார். ஐஸ்வர்யா அவருடைய ஒரே மகள். நாலு வருடத்துக்கு முன்னால் சர்ச் தெரு ஜோசப் ராஜைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். தீர்த்தகிரி அண்ணன் குலசாமி முன்னால் சூடம் ஏற்றி, உயிர் இருக்கிறவரை அவளிடம் பேசக் கூடாது என்று பெண்டாட்டியைச் சத்தியம் கேட்டார். அக்கா உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். அதற்கப்புறம் மகளிடமிருந்து போன் வந்தால் அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். எடுக்க மாட்டார். மகள் ரேடியோ நிலையத்தில் விவசாய நிகழ்ச்சி செய்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருக்கிறாள்.

"பேசமாட்டன்னுதான் சத்தியம் பண்ணன். காதப் பொத்திக்கிறன்னு பண்ணல" என்றார். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "அவ பூச்சியப் பத்திப் பேசினாலும் செரி, ஒரத்தப் பத்திப் பேசினாலும் செரி. கேட்டுக்கிட்டு இருப்பன்."

"மிஷின நிறுத்தாதக்கா. எனக்கு ஒரு வாரம் குடு."

"செவ்வாக்குள்ள முடிப்பியா?"

முடிக்கிறேன் என்றேன். மிஷினைப் பிரிக்க முடியாது. கம்பெனி சீல் இருக்கிறது. தவிர ஒருவர் மூச்சு அதில் ஓடுகிறது, அதில் நான் கை வைக்க மாட்டேன். அரூர் பழைய சாமான் கடையில் கம்ப்யூட்டர் வயர்களைத் தேடினேன். அந்த வயர் முனையில் உருண்டையாக ஒரு கறுப்பு வளையம் இருக்கும். இரைச்சலை விழுங்குகிற சாமான் அதுதான். பதினொன்று கிடைத்தது. மிஷின் வயரை அவற்றுக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்தேன். பாதி குறைந்தது. பாதி குறைந்தால் பாதிப் பேச்சுதான் கேட்கும்.

அப்புறம்தான் ரேடியோவை நகர்த்தினால் என்ன என்று தோன்றியது. கரும்புக் காட்டுக்குள் மோட்டார் கொட்டகை நூற்றைம்பது அடி தள்ளி இருக்கிறது. ரேடியோவை அங்கே பேட்டரியில் வைத்தேன். அங்கிருந்து வயர் இழுத்து வந்து அக்கா தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் முடித்தேன். வயரின் இரண்டு முனையிலும் வளையம். திங்கட்கிழமை சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். மிஷின் உறுமிக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் யாரோ தூரத்தில் நெல் புடைக்கிற மாதிரி ஒரு லேசான சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு மேல் பேச்சு தெளிவாக வந்தது.

மறுநாள் ஆறரைக்குக் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே அக்கா கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சளி புடிச்சிருக்குதாட்டம் அவளுக்கு."

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை.

மாரியப்பன் அண்ணனிடம் போய், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். ஊர் முழுக்கப் பல்பைக் கழற்றியவன் காலடியைப் பார்க்கவில்லை பாரு என்றார். அதோடு விட்டது அவர் பெருந்தன்மை.

தீர்த்தகிரி அண்ணன் கரும்பில் கிடந்த வயரைப் பார்த்து இது என்ன என்றார். எர்த்து வயர் என்றேன். ரொம்பப் பேசாத மனுஷன், தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், தரையில் கிடந்த வயர் மூங்கில் குச்சி நட்டு இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தது. கொட்டகையில் ரேடியோ மேல் தண்ணீர் படாமல் ஒரு உரச்சாக்கு போர்த்தியிருந்தது. பேட்டரி புதுசு. அது நான் போட்ட பேட்டரி இல்லை. அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. அவர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. ஆகவே மூங்கில் குச்சியை அவர் பார்த்ததே இல்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழு செவ்வாய் அப்படிப் போனது. மார்கழிப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின் விட்டு விட்டுக் கத்துகிறது என்று அண்ணன் போன் செய்தார். போனேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது. இழுத்துக்கொள்ள அக்காவிடம் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

தீர்த்தகிரி அண்ணன் அக்காவின் பட்டன் போனை எடுத்தார். எடுக்காமல் விட்ட அழைப்புகளில் மகளுடைய நம்பர் இருந்தது. அழுத்தி, அதை அக்கா காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பேசு. நான் சொல்றன், பேசு காசி. சத்தியம் எம்மேல போவட்டும்."

அந்தப் பக்கம் அம்மா, அம்மா என்றது. அக்கா உதடு அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. பேச்சுக்கு வேண்டிய காற்று அவரிடம் இல்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே எதையெதையோ சொன்னாள். வாடகை வீட்டைப் பற்றி, மொட்டை மாடியில் வைத்த வெண்டைச் செடியைப் பற்றி. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். போனைப் பிடித்திருந்த கையை அண்ணன் கடைசிவரை மாற்றவில்லை.

மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மிஷினை அணைத்துவிட்டிருந்தோம்.

காரியம் முடிந்து அவள் ஊருக்குப் போன மறு செவ்வாய் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கம்பெனிக்காரன் வந்து மிஷினை எடுத்துப்போயிருந்தான். கட்டில் காலடியில் அது நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. கொட்டகையில் இருக்கிற ரேடியோவை வீட்டுக்குள் வைத்துக் கொடு என்றார். அன்றைக்கு அவர் பால் சொசைட்டிக்குப் போகவில்லை.

"புள்ள வந்தப்ப பேசினீங்களாண்ணா?"

"என்னாத்தப் பேசறது" என்றார்.

ரேடியோவைக் கட்டில் மேல் வைத்துத் திருப்பினேன். ஆறரை மணி. மஞ்சளை எப்படி வேக வைக்க வேண்டும் என்று ஐஸ்வர்யா ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. அண்ணன் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து குனிந்து கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி முள்ளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"எரைச்சலே இல்லியே வீரமணி" என்றார்.

கோளாறு சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் வளையங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நிகழ்ச்சி முடிகிறவரை அங்கேயே நின்றேன்.