மூன்று பேர் இருந்த காரில் நாலாவதாக நான்

யாழ்ப்பாணத்திலிருந்து மைசூரில் என் வீட்டு வாசல் வரை லிஃப்ட் கேட்டே வந்து சேர வேண்டும் என்பது திட்டம். கடலுக்கு மட்டும் விதிவிலக்கு. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு டிக்கெட் எடுத்துக் கப்பலில்தான் வந்தேன். ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர இரண்டு வாரம் இடைவெளி கிடைத்தது, இந்த பிப்ரவரியில். 'பெண்பிள்ளை, தனியாகவா?' என்று வாயைப் பிளந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: முன்பின் தெரியாதவர்கள் நாம் நினைப்பதைவிட நல்லவர்கள். அதை இப்போதும் சொல்வேன். ஆனால் அவர்கள் எதற்காக வண்டியை நிறுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்றிருந்த நினைப்பு, கடைசி 85 கிலோமீட்டரில் காற்றில் போய்விட்டது.

அதுவரை எல்லாம் சுகமாகவே நடந்தது. காங்கேசன்துறை போகும் வழியில் ஒரு ஆசிரியத் தம்பதி மதியச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். நாகையிலிருந்து திருச்சிக்கு ஒரு கருவாட்டு வண்டி (உடுப்பை மூன்று முறை துவைத்தேன், வாடை போகவில்லை). சேலம், மேட்டூர் வழியாக மாதேஸ்வரன் மலை. அங்கே இரவு தங்கல், அறை 600 ரூபாய். காலையில் மக்காச்சோளம் ஏற்றிய மினி லாரியில் ஹனூரில் இறங்கியபோது மணி எட்டே முக்கால். எனக்குக் கிடைத்த பதினோராவது வண்டி அது.

கொள்ளேகால் சாலையில் கையை நீட்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. ஓட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர்களை மாற்றியிருக்கிறேன். பக்கத்தில் அவருடைய அப்பா, பின்னால் அம்மா. அம்மாதான் கதவைத் திறந்து, "மைசூருக்கா கண்ணு? ஏறு, ஏறு" என்றார். ஏதோ எனக்காகவே கிளம்பி வந்தவர் மாதிரி அப்படியொரு சந்தோஷம் அந்த முகத்தில். நான் பூரித்துப் போனேன்.

கொள்ளேகாலில் காபிக்கு நிறுத்தினார்கள். என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அம்மா மல்லிகை வாங்கி, பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது, நிஜமாகவே. அப்புறம் மெதுவாக, பையில் நல்ல சுடிதார் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஏன் என்றேன்.

"பொண்ணு பாக்கப் போறோம் கண்ணு. மூணு பேரா போனா காரியம் ஆவாதில்ல? இவனோட மாமன் வர வேண்டியது, காத்தால பாத்து காய்ச்சல்னு படுத்துட்டாரு. நீ நாலாவதா உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சாப் போதும். ஒண்ணும் பேச வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாடு, இத்தனை வண்டி, எல்லாரும் என் முகத்தைப் பார்த்து இரங்கினார்கள் என்று நினைத்திருந்தவள், இங்கே வெறும் தலைக்கணக்கு! மறுக்கலாம்தான். பூ வேறு வைத்தாகிவிட்டதே. கடையின் கழிவறையில் சுடிதாருக்கு மாறினேன்.

அங்கிருந்து மைசூர் சுமார் 60 கிலோமீட்டர். வழியெல்லாம் அம்மா, வரப்போகும் மருமகளுக்காக ஹனூர் வீட்டு மாடியில் கட்டியிருக்கும் அறையைப் பற்றியே பேசினார். குளியலறை உள்ளேயே, ஜன்னலுக்குக் கொசுவலை, வெளிர் பச்சைச் சுவர். பெண் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடச் சம்மதம் என்று தரகர் சொன்னாராம். முருகேசன் அதிகம் பேசவில்லை. பதினோரு ஏக்கரும் ஒரு டிராக்டரும் வைத்திருப்பவர், ஊரை விட்டு எங்கே போவார்?

பெண் வீடு மைசூரில் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு வரிசையாக நடந்தோம். வாசலில் அம்மா திரும்பி எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். உள்ளே போண்டா, மைசூர்பாக், ஏழெட்டு உறவினர். பெண்ணின் அப்பா பாத்திரக் கடை வைத்திருப்பவர். பெண் ரம்யா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். காபி கொடுத்தாள், உள்ளே போனாள். நான் யார் என்று யாரும் கேட்கவே இல்லை!

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். துண்டு கொடுக்க வந்த ரம்யா, கதவைச் சாத்திவிட்டுக் கன்னடமும் தமிழுமாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்க அவருக்கு என்ன ஆகணும்? கல்யாணத்துக்கு அப்புறம் மைசூர்லயே வீடு பார்க்கறாங்கன்னு தரகர் சொன்னாரு. ஹௌதா, நிஜந்தானா? நான் வேலைய விட மாட்டேன். அந்த ஒரு கண்டிஷன்தான் போட்டேன்."

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். வெளிர் பச்சைச் சுவர் கண் முன்னால் வந்தது. அவர்கள் காரில் வந்தவள் நான், அவர்கள் வாங்கித் தந்த காபியைக் குடித்தவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பெண் என்னை நம்பி வாழ்க்கையையே முடிவு செய்யப் போகிறாள்.

"நான் அவங்க சொந்தமே இல்ல. ரோட்ல லிஃப்ட் கேட்டு வந்தவ. ஹனூர்ல மாடி ரூம் கட்டி வெச்சிருக்காங்க. நீ வேலைய விடச் சம்மதிச்சதாத்தான் அவங்ககிட்ட சொல்லியிருக்கு" என்றேன்.

ரம்யாவின் முகம் வெளிறிவிட்டது. விறுவிறுவென்று கூடத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் முருகேசனிடம் நேராகக் கேட்டாள். முருகேசன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மைசூருக்குக் குடி வருவதாக அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. வேலையை விடுவதாக இவளும் சொன்னதில்லை. தரகர் இரண்டு பக்கமும் அவரவர் காதுக்கு இனித்ததைச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பெண்ணின் அப்பா சோபாவில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. யார் சொன்னது என்று யாரும் கேட்கும் முன்பே நான்தான் என்றேன், நான் யார் என்பதையும் சேர்த்து.

வெளியே வந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் பார்த்தேன். முருகேசன் விடவில்லை. வீடு வரை விடுவதாகச் சொன்னது சொன்னதுதான் என்று பையைப் பிடுங்கி டிக்கியில் வைத்தார். அவருடைய அப்பா வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என் வீட்டு வாசலில் இறங்கி மன்னிப்புக் கேட்டேன். அம்மா என் தலையில் சரிந்திருந்த பூவைச் சரி செய்துவிட்டு, "மூணு பேராவே வந்திருக்கலாம் கண்ணு" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு: மாதேஸ்வரன் மலைக் காட்டுப்பாதைக்கு இருட்டும் முன்பே வந்துவிடுங்கள். ஹனூரில் தமிழ் தாராளமாகப் போதும். லிஃப்ட் கிடைக்காவிட்டாலும் மைசூருக்கு பஸ் இருக்கிறது. பையில் ஒரு நல்ல உடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றால், எங்கே போகிறீர்கள் என்பதோடு எதற்குப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். அன்றைக்கு வாயைத் திறந்தது சரியா என்று இரண்டு வாரமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொள்ளேகாலில் காபி குடித்தபோது வாங்கிய என் நம்பருக்கு நேற்று முருகேசன் போன் செய்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் பெண் பார்க்கப் போகிறார்களாம், நான் கூட வர முடியுமா என்றார். மாமாவுக்கு இன்னுமா காய்ச்சல் என்று கேட்டேன்.

"மாமா நல்லாத்தானுங்க இருக்காரு. அம்மாதான் உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுது."