ஓட்டை வைத்த பெப்பர்மெட்டு

நாக்கின் நுனியை அந்த ஓட்டைக்குள் விட்டு மூச்சை இழுத்தால் தொண்டை வரை ஜில்லென்று இறங்கும். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில், அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நானும் என் அக்கா விசாலமும் ஆளுக்கொரு "பெப்பர்மெட்டு" மிட்டாயை வாயில் போட்டு, யாருடைய வளையம் உடையாமல் மெல்லிசாகத் தேய்கிறது என்று நாக்கை நீட்டி நீட்டிக் காட்டிக்கொள்வோம். வெள்ளை வட்டம், விளிம்பில் சின்னச் சின்னக் கோடுகள், நடுவில் ஓட்டை. அவ்வளவுதான், ஆனாலும் புடவை உடலில் புட்டா, கரையில் பேட்டு என்று ஜரிகை வேலை நிறைந்த எங்கள் தெருவில் அதைவிட அழகான டிசைனை நான் பார்த்ததில்லை.

ஓட்டை எதற்கு என்று கேட்டால்தான் ஒருத்தரும் உருப்படியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். "நடுவுல இருந்தத நான் துன்னுட்டேன், போ" என்பார் கடைக்காரர். டீச்சரோ, குழந்தைகள் தெரியாமல் விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போகட்டும் என்று சீமையில் யாரோ யோசித்துச் செய்தது என்றார். எது நிஜமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த எரிச்சலும் போகவில்லை.

அக்காவை வாலாஜாபாத்தில் கொடுப்பதென்று முடிவானதும், முகூர்த்தப் புடவையைத் தானே நெய்வதாக அப்பா சொன்னார். புட்டா நான்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கிராப் பேப்பரில் மை வைத்த கட்டம் ஜரிகை, மை வைக்காத கட்டம் வெறும் பட்டு. அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை அடிப்பார்கள், அட்டையைத் தறியில் ஏற்றினால் துளைக்குத் தக்கபடி ஜரிகை விழும். அரக்கு நிறத்தில் ஜரிகை வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் வெறும் பட்டு. வீட்டை விட்டுப் போகிறவள் எங்கள் பெப்பர்மெட்டைக் கட்டிக்கொண்டு போகட்டுமே என்பதுதான் என் ஆசை. அது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அட்டை அடிக்கிறவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். "சின்னப் பொண்ணு நடுவுல மை வெக்க மறந்துட்டுக்குதுபா, நானே ரொப்பி அடிச்சிட்டேன்" என்று அப்பாவிடம் கொடுத்தாராம். அப்பாவும் தலையாட்டித் தறியில் ஏற்றிவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது அரை முழம் நெய்தாகிவிட்டது. வளையமாவது ஒன்றாவது, எல்லாம் கெட்டிக் காசு! "காசு புட்டா ராசிமா, கம்முனு இரு" என்றார் அப்பா. அக்காவாவது எனக்காகப் பேசுவாள் என்று ஓடினேன். அவளோ, "நல்லாத்தானே இருக்குது" என்று சொல்லிவிட்டாள்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்தில் பந்தியில் உட்காரவில்லை. அவள் வண்டி ஏறியபோது தறிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அப்புறம் போக்குவரத்தெல்லாம் இருந்தது. ஆனால் அந்தப் புடவையை மட்டும் என் கண்ணில் காட்டாதே என்று எத்தனையோ வருஷம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வாலாஜாபாத் போனேன். போகிற வழியில் அக்காவுக்கு நாலு பெப்பர்மெட்டு வாங்கலாமென்று மூன்று கடை ஏறி இறங்கினேன். "அதெல்லாம் இப்ப வர்றதில்லமா" என்று மூன்று பேரும் ஒன்றே போலச் சொன்னார்கள். வெறுங்கையோடு போனால், அக்கா பேத்திக்குக் கொடுப்பதற்காக அதே புடவையை எடுத்து விரித்து வைத்திருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தேன். முந்தானை ஓரத்தில் ஒரே ஒரு காசின் நடுவில் மட்டும் ஜரிகை இல்லை. ஊசியால் இழை இழையாக நெம்பி எடுத்திருக்கிறது. வட்டமாக அரக்குப் பட்டு தெரிகிறது.

"எப்பக்கா செஞ்சே?"

"கல்யாணத்துக்கு மொத நாளு. உனக்குக் காட்டலாம்னு முந்தானைய கையில புடிச்சிக்கினு வண்டிகிட்ட எம்மா நேரம் நின்னேன். நீ எங்கடி வந்தே?"