போர்டில் கசிந்த எண்ணெய்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஆனால் பழைய மதர்போர்டைப் பார்த்து அதற்கு என்ன கோளாறு என்று சொல்வது பத்தாவதோடு நின்ற என் அக்காதான். ஒரு சர்வீஸ் சென்டரில் எட்டு வருஷம் இருந்து கற்றுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் ஒன்றின் போர்டில் பிசுபிசுவென்று ஈரம் தெரிந்த அன்று அந்த வேலை போனது.

"தலை நிறைய எண்ணெய் வச்சுட்டு குனிஞ்சு வேலை பார்த்தா இப்படித்தான் சொட்டும்" என்றார் மேனேஜர். மொத்தக் கடையும் சிரித்தது.

"சார், இது தெர்மல் பேட் கசிஞ்சது. சிப்போட சூட்டைக் கடத்த மேல ஒட்டியிருக்கிற மெத்தைப் பட்டை. பழசானா அதுலேருந்து சிலிகான் எண்ணெய் வடியும்."

"எனக்கே பாடமா?"

அனுபவச் சான்றிதழில் 'வேலையில் சுத்தமில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வரியைப் பார்த்து எந்தக் கடையும் அவளைச் சேர்க்கவில்லை. அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லி நாலு தடவை போனாள். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். வீட்டு முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் அதையே நினைக்கிறியாக்கா?"

"மறக்கறதுக்காடா மனப்பாடம் பண்ணேன்?"

மூன்று வருஷம் கழித்து மேனேஜரே போர்டும் கையுமாக வந்தார். அதே ஆஸ்பத்திரியில் பதினொரு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதாம். உள்ளே எண்ணெய். "உங்க ஆளுங்கதான் எதையோ ஊத்திட்டாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம். வெளியாள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அக்கா போர்டை வெளிச்சத்தில் சாய்த்தாள். "மேலேருந்து சொட்டியிருந்தா புள்ளி புள்ளியா இருக்கும். இது பட்டை ஓரத்துல கெட்டியா ஆரம்பிச்சு, போகப் போக மெலியுது, பாருங்க." பட்டையை உரித்தாள். ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் சிப்பின் கால்களுக்கு இடையே தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தாள். பிறகு அவருடைய வழுக்கையை நிதானமாகப் பார்த்தாள்.

"சொட்டறதுக்கு உங்க தலையிலயும் வழியில்ல. பதினொண்ணுக்கும் யார் சார் எண்ணெய் தேய்ச்சுவிட்டது?"

அவள் சொல்லச் சொல்ல நான் அறிக்கையை டைப் செய்தேன். கடைசி வரி: 'இந்தக் கோளாறு மூன்று வருஷம் முன்பே சென்டருக்குச் சொல்லப்பட்டது. சொன்னவரை நீக்கினார்கள், பட்டைகளை மாற்றவில்லை.'

"அந்த வரி மட்டும் வேணாம்மா. கான்ட்ராக்டே போயிடும். உன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன்."

"என்னைப் பத்தி நீங்க எழுதினது பொய் சார். அதையே நீங்க அடிக்கல. நிஜத்தை நான் ஏன் அடிக்கணும்?" என் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்கே நேரா அனுப்புடா."

அனுப்பினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி இன்ஜினியர் போன் செய்தார். பதினொன்றையும் அவளே சுத்தம் செய்து தரணுமாம். "சென்டர்காரங்க யாரும் குறுக்க வரமாட்டாங்கம்மா. மேனேஜரையும் வரவேண்டாம்னு சொல்லிட்டோம்."

"ஐயோ, அவர் வரணும் சார்" என்றாள் அக்கா. "நான் துடைக்கிறப்ப பக்கத்துல நின்னு போர்டைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."